உயர்த்திய கையும் தாழ்த்திய கையும்

மழைக்கு அஞ்சுகிறவன் றொசல்லையில் குடியிருக்க முடியாது. அட்டனுக்குச் சற்றுக் கீழே, வட்டவளைக்கு மேலே, மலைச்சரிவை ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் சிற்றூரில் வைகாசியில் விரித்த குடை புரட்டாசி கழிந்தும் முழுதாக உலர்வதில்லை. இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று என்று முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த மழை காரணமாக ஒருநாள் என் வீட்டுச் சுவரே ஒரு பள்ளிக்கூடமாகும் என்றும், அதில் இந்த முதிய உபாத்தியாயன் கடைசி வாங்கில் அமர்ந்து பாடம் கேட்பான் என்றும் நான் கனவிலும் கருதியதில்லை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது நிகழ்ந்தது. நீலகிரியிலிருந்து என் தமையனாரின் பேத்தி எங்களைப் பார்க்க வந்திருந்தாள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கைச்சாத்தான பின்னர், ஒரே லயத்தில் பிறந்தவர்களைக் கடல் பிரித்த கதையை மலையகத்தில் அறியாதார் இல்லை. எங்கள் குடும்பத்திலும் அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார். அக்காளும் நானும் இங்கே தங்கினோம். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில் அண்ணன் மறுபடியும் கவ்வாத்துக் கத்தியையே பிடித்தார். அவருடைய பேத்தி பிடித்திருப்பதோ கைத்துப்பாக்கி.

அஞ்சவேண்டாம். அவள் கல்லூரி மாணவி. பத்து மீற்றர் தூரத்துக் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டிக்காகப் பயில்கிறவள். அந்த ஆண்டு ஜூலை 28ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்னும் இந்தியப் பெண் இதே போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் பிரிவில் மற்றொன்றும் பெற்றார். அந்தச் செய்திகளின் சூடு ஆறுமுன்னரே எங்கள் பெண் வந்து சேர்ந்தாள்.

துப்பாக்கியை அவள் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் இயலாது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரம் இன்றி அத்தகைய பொருளை எவரும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நாட்டுக்குள் வந்துவிட முடியாது. அதற்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைத்தான் கொண்டுவந்திருந்தாள். பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிமரத்தில், தன் உள்ளங்கைக்குப் பொருந்துமாறு தச்சர் ஒருவரைக் கொண்டு செதுக்குவித்த கைப்பிடி அது. அதன்மேல் ஓர் இரும்புத் துண்டு. மொத்தம் ஒரு கிலோ எடை. முன்முனையில் நெல்மணியளவான ஒரு கட்டை. பின்முனையில் நடுவே பள்ளம் வெட்டிய தகடு. அதற்கு விசை உண்டு; அழுத்தினால் 'டக்' என்ற ஓசை எழும். அவ்வளவே. குழலும் இல்லை, குண்டும் இல்லை.

வந்த மறுநாள் காலை. வெளியே நீர்த்திரை. முன்னறையில் அவள் பக்கச் சுவரைப் பார்த்து நின்றாள். இடக்கையைச் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு, வலக்கையைத் தோள்மட்டத்துக்கு நீட்டி, அந்தக் கட்டையை ஏந்தினாள். தேநீர்க் குவளையுடன் உள்ளிருந்து வந்த என் தமக்கையார் அந்தக் காட்சியைக் கண்டார். குவளை தரையில் விழுந்து நொறுங்கியது.

"ஏன் ஆயி, அந்தச் செவருக்கு அங்கிட்டு யாரு இருக்கான்னு தெரியுமா ஒனக்கு?" என்றார்.

அங்கே அயல்வீட்டுப் பிள்ளை தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் குடியிருப்பது, அக்காள் தோட்டத்தில் பேர் பதிந்து நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்த உரிமையால் கிடைத்த லயத்துக் காம்பிரா. அதற்கு முன்னே ஓர் அறையை இழுத்துக் கட்டியிருக்கிறோம். லயத்தில் ஒரு வீட்டின் சுவர் மற்றொரு வீட்டின் சுவர். இங்கே தும்மினால் அங்கே 'நூறாயுசு' என்பார்கள்.

மரக்கட்டைக்கு இத்தனை கலக்கமா என்று நகைக்கத் தோன்றலாம். எனக்கு நகை வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த காலத்தை நான் அறிவேன்.

எங்கள் மக்கள் துப்பாக்கியைக் கண்டதெல்லாம் அதன் வாய்ப்புறத்திலிருந்துதான். பிடிப்புறம் எப்போதும் வேறொருவர் கையில் இருந்தது. 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலியுயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அந்தப் பெயரை முதலில் எழுதிக்கொண்டுதான் மற்றவற்றை எழுதுகிறது. பின்னர் 1977ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் பொலிசாரின் சூட்டில் வீழ்ந்தார். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் லயத்தில் அடுப்பு எரியவில்லை. அக்காளுக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சுவரோரத்தை விட்டு விலகி, நடுவீட்டில் அமர்ந்தே அவர் விடிய விடிய விழித்திருந்தார். சுவர் காக்கும் என்ற நம்பிக்கையை அன்றோடு இழந்தவர் அவர்.

இவையெல்லாம் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆயினும் அவள் சினக்கவில்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டியின் காலடியில் சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். பிறகு சொன்னாள்: "பாட்டி, நீங்கள் கேட்டதுதான் எங்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த முதற்பாடம். நான்தான் மரக்கட்டை என்று அசட்டையாக இருந்துவிட்டேன்."

அன்று தொடங்கிற்று என் படிப்பு. நான் வினாவினேன், அவள் விடை கூறினாள். அவள் கூறியவற்றுள் பல, ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

துப்பாக்கிப் பயிற்சி என்றால் வெடியோசையும் புகையுமே நம் மனக்கண்ணில் எழும். அஃது உண்மையன்று. தேர்ந்த வீரர்கள் தம் பயிற்சியில் பெரும்பகுதியைக் குண்டே இல்லாமல், தம் வீட்டு அறையில், வெறுஞ்சுவரைப் பார்த்து நின்றே செய்கிறார்கள். போட்டிக்கான காற்றழுத்தத் துப்பாக்கிகள் பலவற்றில் காற்றும் குண்டும் செலவாகாமல் விசையை மட்டும் இயக்கிப் பழகுவதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. வெடிமருந்துத் துப்பாக்கி பயில்வோரும் வெற்று விசை அழுத்திப் பழகுவதுண்டு. ஆனால் எல்லாத் துப்பாக்கிக்கும் அது பொருந்தாது. தோட்டாவின் விளிம்பில் ஊசி தட்டும் வகையான சிறு துப்பாக்கிகளில் தோட்டா இல்லாது விசையை விட்டால், ஊசி குழலின் விளிம்பிலேயே மோதிப் பழுதாக்கிவிடலாம். ஆகவே கருவியின் இயல்பை அறிந்தபின்னரே பயிற்சி.

கருவியைத் தொடுமுன் சில நியமங்கள் உள்ளன. பூசைக்கு முன் கைகால் கழுவுவது போன்றவை அவை. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருதவேண்டும். 'வெறுமையானதுதான்' என்று சொல்லிக்கொண்டே உயிர் குடித்தவர் கதை உலகெங்கும் உண்டு. அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாய் திரும்பக்கூடாது. குறி பொருந்தும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. குறி எது, குறிக்கு அப்பால் இருப்பது எது என்பதை அறியாமல் சுடக்கூடாது. வீட்டில் பழகுகிறவர் இவற்றுக்கு மேலும் ஒன்று செய்வர். குண்டுகள் முழுவதையும் வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கியைத் திறந்து, கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதித்த பின்பே சுவரின் முன் வந்து நிற்பர். அந்தச் சுவரும் திண்ணிய சுவராக இருத்தல்வேண்டும். அதற்குப் பின்னால் மனிதர் நடமாட்டம் இருத்தலாகாது.

இந்தக் கடைசி நியமத்தைக் கேட்டதும் என் மனம் பல இடங்களுக்குப் போய்வந்தது. பலகைத் தடுப்பும் அரைச்சுவரும் கொண்ட லயங்களில், சுவருக்குப் பின்னால் மனிதர் இல்லாத இடம் ஏது? மனிதர் மீதே மனிதர் வாழும்படி கட்டிவைக்கப்பட்ட வரிசைகள் அல்லவா அவை? மெய்த்துப்பாக்கிக்கு லயத்தில் இடமே இல்லை என்று நான் சொன்னேன். அவளும் தலையசைத்தாள். மரக்கட்டையையும் இனி அந்தச் சுவருக்கு நேரே உயர்த்துவதில்லை என்று முடிவு செய்தோம். வீட்டின் பின்சுவர் மலையைக் குடைந்து எழுப்பப்பட்டது. அதற்கு அப்பால் மண்மேடு, அதற்கும் மேலே தேயிலை. அக்காளே போய், வெளியே நின்று பார்த்து, "இங்கிட்டு ஆளில்ல" என்று சொன்ன பின்புதான் பாடம் தொடர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் அப்படிப் போய்ப் பார்ப்பது வழக்கமாயிற்று. மழையென்றாலும் விடமாட்டார்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

போட்டியில் அறுபது முறை சுடவேண்டும். காலம் ஒரு மணி பதினைந்து நிமிடம். ஒரு கை மட்டுமே பயன்படலாம். குண்டின் குறுக்களவு நாலரை மில்லிமீற்றர். பத்துப் புள்ளி பெறும் நடுவட்டமோ பதினொன்றரை மில்லிமீற்றர்தான். நம் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். பத்து மீற்றருக்கு அப்பால் நின்று ஒரு கையால் அதைத் தொடவேண்டும். கையோ ஆடும். மூச்சுக்கு ஓர் ஆட்டம். நாடித்துடிப்புக்கு ஓர் ஆட்டம். எவருடைய கையும் ஆடாமல் இராது என்று அவள் சொன்னாள். ஆடாத கையைத் தேடுகிறவன் ஏமாறுவான். ஆட்டத்தின் எல்லையைச் சுருக்கக் கற்கிறவனே தேறுவான்.

முதலில் நிற்கப் பழகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, பிறகு திறந்து பார்க்கவேண்டும். கை குறிக்கு இடப்புறமோ வலப்புறமோ நின்றால் கையைத் திருப்பக்கூடாது, பாதத்தை நகர்த்தவேண்டும். கையைத் திருப்பினால் தசை இழுத்துப்பிடித்துக்கொண்டே இருக்கும். களைத்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். அடி சரியாக இருந்தால் நுனி தானே சரியாகும். எத்தனை பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்த நான் விரலையே பிடித்துத் திருப்பியிருக்கிறேன்! அவர்கள் அமர்ந்திருந்த முறையைத் திருத்தியிருக்கலாமே என்று அன்று எண்ணினேன்.

அடுத்தது பார்வை. இங்கேதான் நான் பெரிதும் வியந்தேன். எங்கள் தோட்டங்களில் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடிவருகிறார்கள். கம்பத்தில் ஏறிப் பாசுபதம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனனைச் சிறுவயதில் விடியவிடிய விழித்திருந்து பார்த்தவன் நான். வில்வித்தை என்றதும் துரோணர் வைத்த பரீட்சைதான் நினைவுக்கு வரும். மரத்தைக் கண்டேன், கிளையைக் கண்டேன் என்று மற்றவர் கூற, பறவையை மட்டுமே கண்டேன் என்றானாம் அருச்சுனன். அந்தக் கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி, "குறியைத் தவிர வேறெதையும் பார்க்காதே" என்று முடிப்பேன். அதை அவளிடமும் பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "கைத்துப்பாக்கியில் அப்படிப் பார்த்தால் தோற்றுப்போவோம், தாத்தா" என்றாள்.

காரணம் இது. நம் கண் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காணவல்லது. பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்றும் மூன்று தூரத்தில் நிற்கின்றன. எதைத் தெளிவாகக் காண்பது? இலக்கையன்று, முன்குறியையே காணவேண்டும். இலக்கு மங்கலாக, பனிக்குள் தெரியும் சிவனொளிபாதமலை போலத் தெரிந்தால் போதும். இதற்குக் கணக்கும் உண்டு. கையும் துப்பாக்கியும் ஒன்றாக ஒரு மில்லிமீற்றர் விலகினால் குண்டும் இலக்கில் ஒரு மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி ஒரு மில்லிமீற்றர் சாய்ந்துவிட்டால்? இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறத்தாழ முப்பத்தைந்து சென்ரிமீற்றர் இடைவெளி. இலக்கோ பத்து மீற்றருக்கு அப்பால். தவறு ஏறக்குறைய இருபத்தெட்டு மடங்காகப் பெருகிவிடும். பத்துப் பெறவேண்டிய குண்டு ஏழில் போய் விழும்.

கரும்பலகையில் முக்கோணம் வரைந்து நானே இதைச் சரிபார்த்தேன். கணக்கு பிழையில்லை. தொலைவிலுள்ள குறியை வெறித்துப் பார்க்கிறவன் தன் கையிலுள்ள கோணலைக் காணமாட்டான். அந்தக் கோணலே தொலைவில் பெருங்கேடாக வளரும். இந்த உண்மையைக் கல்வி கற்பிக்கும் நாம் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? பரீட்சைப் பெறுபேற்றையே பார்த்துக்கொண்டு, கையிலிருக்கும் அன்றைய பாடத்தைக் கோணலாக விட்டுவிடுகிறோம் அல்லவா? மனு பாக்கர் தம் வெற்றிக்குப் பின்னர், தாம் பகவத்கீதை படிப்பதாகவும், பயனைக் கருதாமல் செயலில் மனம் நிறுத்த முயன்றதாகவும் கூறினார். இலக்கை மங்கலாக்கி முன்குறியைத் தெளிவாக்குவதும் அதுவே என்று எனக்குப் பட்டது. துரோணரின் மாணவனுக்குக் கண்ணன் பின்னர் சொன்ன பாடம் இது போலும்!

மூன்றாவது விரல். கை முழுதும் சும்மா இருக்க, சுட்டுவிரலின் நுனி மட்டும் அசையவேண்டும். விசையை இழுக்கக்கூடாது, தட்டக்கூடாது. கனம் சிறிது சிறிதாக ஏறவேண்டும். 'இப்போது' என்று மனம் கட்டளையிடுமானால் மணிக்கட்டு துள்ளிவிடும். இந்தப் பாடம் அவளுக்கே கைவராமல் இருந்தது. 'டக்' என்னும்போதெல்லாம் முன்குறி ஒரு பக்கம் சரிந்தது. இஸ்தோப்பில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அக்காள் இரண்டு நாள் இதைப் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்து வந்தார்.

"ஆயி, கொழுந்தப் புடுங்கக்கூடாது. புடுங்குனா காம்பு கிழிஞ்சி செடி நோகும். வெரல் நுனியில வச்சி ஒடிக்கணும். தோளுக்கும் கைக்கும் அதுல வேலையே இல்ல" என்றார். வாசலோரத்துச் செடியிலிருந்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்தொன்றை ஒடித்துக் காட்டினார். செடி அசையவில்லை, இலைமேல் இருந்த மழைத்துளிகூடச் சிந்தவில்லை. நாற்பதாண்டுப் பயிற்சி அது. அந்த விரலுக்கு எவரும் பதக்கம் சூட்டியதில்லை. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று நிறுத்துப் பார்த்ததோடு சரி.

அன்று மாலைவரை அந்தப் பெண் வாசலில் நின்று கொழுந்து ஒடித்தாள். மறுநாள் அவளுடைய 'டக்' ஓசையில் முன்குறி சரியவில்லை.

வீட்டுச் சுவரைப் பார்த்துத் தனிமையில் பழகுவதற்குச் சான்று வேண்டுமா? ஹங்கேரி நாட்டுக் கரோலி தக்காச் என்பவரின் கதையைக் கேளுங்கள். அவர் இராணுவ வீரர். வலக்கையால் கைத்துப்பாக்கி சுடுவதில் வல்லவர். 1938இல் பழுதுற்ற கைக்குண்டு ஒன்று வெடித்து அந்த வலக்கையைச் சிதைத்தது. வேறொருவராயின் வித்தை அன்றோடு முடிந்திருக்கும். அவரோ எவருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தம் நாட்டுப் போட்டியில் வென்றார். யுத்தம் குறுக்கிட்டதால் ஒலிம்பிக் நின்றது, காத்திருந்தார். 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் விரைவுச்சூட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தது. துரோணர் மறுத்தபின் காட்டில் தனியே பயின்ற ஏகலைவனின் கட்டைவிரல் போனது; இவருக்கோ கையே போனது. ஏகலைவன் கதையை வேறுவிதமாக முடித்துக்காட்டியவர் என்று இவரைச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. இலக்கிய அன்பர்கள் வ. வே. சு. ஐயரைக் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவராகவும், திருக்குறளை ஆங்கிலமாக்கியவராகவும் அறிவர். அதே ஐயர் லண்டனில் புரட்சிக்காரர்களோடு பழகிவிட்டு 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். அவரிடம் கைத்துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர் செங்கோட்டை வாஞ்சிநாதன் என்பது வரலாறு. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டபின், வாஞ்சி அதே கருவியால் தம்மையும் மாய்த்துக்கொண்டார். அந்தச் செயலை எடைபோட நான் முன்வரவில்லை. அன்னியராட்சியின் கொடுமையையும் நான் மறுக்கவில்லை. புதுச்சேரியில் அவர் பழகிய நாட்களையே எண்ணிப்பார்க்கிறேன். எத்தனை முறை அந்த இளைஞர் கையை உயர்த்தியிருப்பார்! குறி பொருந்தவில்லையென்று எத்தனை முறை தாழ்த்தியிருப்பார்! மணியாச்சியில் ஒருமுறை உயர்த்திய கை, இருவர் உயிரை முடித்த பின்னரே தாழ்ந்தது. பயிற்றிய ஐயரோ பிற்காலத்தில் சேரன்மாதேவியில் குருகுலம் அமைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1925இல் பாபநாசத்து அருவியில் விழுந்த மகளைக் காக்கக் கை நீட்டி, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார்.

தாழ்த்துவது என்றேன். எங்கள் பெண் கற்பித்தவற்றுள் கடைசிப் பாடமும் கடினமான பாடமும் அதுதான். கையை உயர்த்தி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குறியைப் பொருத்தி, விரலில் கனம் ஏற்றும்போது, எட்டுப் பத்து வினாடிக்குள் விசை விடுபடவேண்டும். விடுபடாவிட்டால் கண் களைக்கும், தசை நடுங்கும். அப்போது எல்லோருக்கும் ஓர் ஆசை எழுமாம்: "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், சுட்டே விடுவோம்." அந்த ஆசைக்கு இணங்கியவரின் குண்டு வெளிவட்டத்தில் விழும். கைதேர்ந்தவர் சுடாமல் கையைத் தாழ்த்துவார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். "சுடுவதற்கு ஒரு மாதம் பழகினேன், தாத்தா. சுடாமல் இறக்குவதற்கு இரண்டு வருடமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்" என்றாள் அவள்.

இதைக் கேட்டபோது அக்காளின் உலக்கை நின்றது. வெற்றிலை பாதி இடிபட்டபடி கிடந்தது. நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, எங்களைப் பார்க்காமல், வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கி அவனுகளுக்கும் யாராச்சும் இதச் சொல்லிக் குடுத்திருக்கலாம்."

வேறொன்றும் சொல்லவில்லை. முல்லோயாவில், டெவனில், இன்னும் பெயர் எழுதப்படாத எத்தனையோ இடங்களில் உயர்ந்த கைகள் தாழவில்லை. அவர்களுக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நிற்கவும் பிடிக்கவும் சுடவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சுவருக்கு அப்பால் யார் என்ற கேள்வியையும், உயர்த்திய கையைத் தாழ்த்தும் வித்தையையும் கற்றுக்கொடுத்தார்களா? அதுதான் என் கேள்வி. இரண்டையும் கற்காதவன் கையில் ஆயுதம் இருப்பது வித்தையாகாது. அது விபத்தின் முதற்பாதி.

அண்ணனின் பேத்தி இந்த வித்தையைக் கைவிடவேண்டும் என்று முதல்நாள் நான் உள்ளுக்குள் விரும்பியது உண்மை. வாய்ப்புறத்தில் நின்ற ஒரு சமூகத்தின் பெண், பிடிப்புறத்துக்குப் போகவேண்டுமா என்று என் நெஞ்சு கேட்டது. இப்போது கேட்கவில்லை. வாய்ப்புறத்தின் வேதனை அறிந்தவர் வீட்டில் வளர்ந்த கைதான், தாழ்த்தும் வித்தையை விரைந்து கற்கும் என்று நம்புகிறேன்.

இரண்டு வாரம் தங்கிவிட்டு அவள் புறப்பட்டாள். மரக்கட்டையை எடுத்துச்சென்றாள். தீபாவளி கழிந்து ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். ஒரு போட்டியில் கலந்துகொண்டாளாம். பதக்கம் இல்லை, பதினொன்றாம் இடம். அறுபது முறை சுடவேண்டிய போட்டியில் எண்பத்தேழு முறை கையை உயர்த்தியதாகவும், இருபத்தேழு முறை சுடாமல் தாழ்த்தியதாகவும் சொன்னாள். பயிற்சியாளர் அந்த இருபத்தேழுக்காகவே முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

நான் இதை அக்காளிடம் சொன்னேன். அவருக்குப் பதினொன்றாம் இடம் பெரிதாகப் படவில்லை. இருபத்தேழு என்ற எண்ணை மட்டும் இருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. எதற்கென்று கேட்டேன்.

"சும்மாதான். அங்கிட்டு ஆளு இருக்கான்னு பாக்குறேன்" என்றார்.